பன்ட்லாந்து: எண்ணெயே கிடைக்காத இடத்தில் ‘வளச் சாபம்’ எப்படி?

வடகாற்று:
சோமாலியாவின் வடகிழக்கில் தன்னாட்சி நடத்தும் மாநிலமான பன்ட்லாந்தில் 2012-ல் ஷபீல்-1, ஷபீல் வடக்கு-1 என்று இரண்டு கிணறு துளைத்தார்கள். இரண்டிலும் விற்கிற அளவுக்கு எண்ணெய் இல்லை. இன்றுவரை ஒரு பீப்பாய்கூட அங்கிருந்து கப்பல் ஏறவில்லை. ஆனாலும் வளச் சாபம் (மண்ணுக்கடியில் வளம் இருப்பதே சண்டையையும் ஊழலையும் கொண்டுவரும் நிலை) என்று பேச்சு வந்தாலே இந்த இடத்தின் பெயரும் அடிபடுகிறது. எண்ணெய் இல்லாமலே சாபம் வருமா? ‘எண்ணெய்த் தடயம் கிடைத்தது’ என்று அப்போது அறிவித்தார்களே, அதற்கு என்னதான் அர்த்தம்? அடுத்து ஒரு கம்பெனி வந்தால் அந்த மாவட்டத்து ஆட்கள் ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்? ‘ஊழல் கூடாது’ என்ற அளவில் நிற்காமல் விவரமாகச் சொன்னால் நல்லது.

எல்லைக்கல்:
எண்ணெய் வரவேண்டியதே இல்லை, வரும் என்ற நம்பிக்கை போதும். எருமை வாங்குமுன் நெய்க்கு விலை பேசுவார்கள் என்பார்களே, இங்கே நெய்க்கு அடிதடியே நடந்துவிட்டது.

சிக்கலின் வேர், யார் கையெழுத்துப் போடலாம் என்பதில் இருக்கிறது. 1991-ல் அரசு விழுவதற்கு முன்பே கோனோகோ, அமோகோ, செவ்ரான், பிலிப்ஸ் போன்றவை உரிமம் வாங்கியிருந்தன. போர் வந்ததும் ‘எங்கள் கையை மீறிய சூழல்’ என்று அறிவித்துவிட்டு வெளியேறின. உரிமத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. 2005-ல் பன்ட்லாந்து நிர்வாகம் தன் பரப்பின் எண்ணெய், கனிம உரிமையை ஆஸ்திரேலியாவின் ரேஞ்ச் ரிசோர்சஸுக்குக் கொடுத்தது. 2007-ல் கனடாவின் ஆப்பிரிக்கா ஆயில் தாரூர், நுகால் தொகுதிகளில் (எண்ணெய் தேட உரிமம் தரும் நிலப்பரப்புகள்) உள்ளே வந்தது. இதில் நுகால் தொகுதி பழைய கோனோகோ உரிமத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. 2013-ல் பக்கத்தில் தனி நாடு என்று தன்னை அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்து, நார்வேயின் டிஎன்ஓ-வுக்குக் கொடுத்த பரப்பும் அதே நுகாலில் போய் மோதியது. ஒரே மண்ணுக்கு மூன்று பத்திரம்! அதுவும் இரண்டுக்கும் நடுவே இருக்கும் சூல், சனாக் பகுதிகளை பன்ட்லாந்தும் சோமாலிலாந்தும் தத்தம் நிலம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது.

2023-ல் சூலின் தலைநகர் லாஸ் அனோடில் நடந்த போர் எண்ணெயால் வந்தது என்று சொல்லமாட்டேன், அதற்கு வேறு காரணங்கள் உண்டு. ஆனால் ஏற்கெனவே எல்லைத் தகராறு இருக்கிற இடத்தில் உரிம வரைபடம் வந்து விழுந்தால், வெறும் மேய்ச்சல் நிலத்துக்கு டாலர் மதிப்பு ஏறிவிடுகிறது. 2006-ல் சனாக்கின் மஜியஹானில் கனிமத் தேடல் குழுவுக்குத் துணையாகப் போன பன்ட்லாந்துப் படைக்கும் உள்ளூர் குலத்தாருக்கும் சண்டை மூண்டதே, அங்கே அப்போது ஒரு கிணறுகூடக் கிடையாது.

மொகதிஷுவில் இருக்கும் மத்திய அரசுடனான தகராறும் தீரவில்லை. 2012 தற்காலிக அரசியலமைப்பின் 44-வது பிரிவு, இயற்கை வளப் பங்கீட்டை மத்திய அரசும் உறுப்பு மாநிலங்களும் பேசித் தீர்க்கட்டும் என்று விட்டுவிட்டது. 2018-ல் பைதோவாவில் வருவாய்ப் பங்கீட்டு உடன்பாடு, 2020-ல் பெட்ரோலியச் சட்டம் என்று வரிசையாக வந்தன. 2024 மார்ச் கடைசியில், அரசியலமைப்புத் திருத்தங்களை எதிர்த்து, மத்திய அரசை அங்கீகரிக்க மாட்டோம் என்று பன்ட்லாந்து ஒதுங்கிக்கொண்டது. இந்த நிலையில் எந்தக் கையெழுத்து செல்லும்? துணிந்து வருகிற கம்பெனியும் அந்த அபாயத்துக்கான விலையைப் பங்கில் பிடித்துக்கொள்ளும்.

துளைமுனை:
‘தடயம்’ கேள்விக்கு மட்டும் பதில்.

துளைக்கும்போது கிணற்றுக்குள் செலுத்தும் சேற்றுக்கலவையோடு பாறைத்தூள் மேலே வரும். சல்லடையிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கழுவி, புற ஊதா விளக்கில் பிடித்தால் எண்ணெய் பட்ட துணுக்கு மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மினுங்கும். சேற்றில் கரைந்து வரும் வாயுவையும் கருவி அளந்துகொண்டே இருக்கும். இதெல்லாம்தான் தடயம். எண்ணெய் அந்தப் பாறை வழியாக எப்போதோ போயிருக்கிறது என்பதற்குச் சாட்சி, அவ்வளவே. இப்போதும் அங்கே இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

அடுத்து பாறையின் மின்தடை, துளைமை (பாறையில் நுண்துளைகள் எவ்வளவு) அளக்கும் கருவிகளைக் கம்பியில் கட்டி இறக்குவார்கள். தடை அதிகமானால் துளைகளில் எண்ணெய் இருக்கலாம். ஆனால் நல்ல தண்ணீரும் உப்புநீரைவிட அதிகத் தடை காட்டும். ஆழம் குறைந்த மணற்கல்லில் நிலத்தடி நன்னீர் புகுந்திருந்தால் கருவி ஏமாற்றிவிடும். கடைசித் தீர்ப்பு ஓட்டச் சோதனைதான்: அந்த அடுக்கை மட்டும் அடைத்துப் பிரித்து, அழுத்தத்தைத் தளர்த்தி, என்ன வருகிறது என்று பார்ப்பது. தண்ணீர் வந்தால் கதை முடிந்தது. சிமெண்ட் அடைப்பு போட்டு மூடவேண்டியதுதான்.

ஷபீல்-1-ஐ 2012 ஜனவரியில் தொடங்கி சுமார் 3,470 மீட்டர்வரை போனார்கள். இருபது ஆண்டுக்கு மேலான இடைவெளிக்குப் பிறகு சோமாலியாவில் போட்ட முதல் எண்ணெய்க் கிணறு. ஏடன் வளைகுடா திறப்பதற்கு முன் தாரூர் பள்ளமும் யேமனின் எண்ணெய் வயல்களும் ஒரே பிளவுப் பள்ளத்தாக்குத் தொடர் என்பதுதான் அவர்கள் நம்பிக்கை. நியாயமான நம்பிக்கை. ஆனால் எண்ணெய் உண்டாகும் ஊற்றுப்பாறை, அது தங்கும் தேக்கப்பாறை, மேலே தப்பவிடாத மூடுபாறை, எண்ணெய் சிக்கும் அமைப்பான பொறி, இவை உருவான கால வரிசை, ஐந்தும் ஒரே இடத்தில் ஒத்துவர வேண்டும். இரண்டு கிணற்றை வைத்து இருக்கு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

சாபத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. பங்குச்சந்தைக்குத் தடயமே செய்தி, ஓட்டச் சோதனைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அரசியல் வாக்குறுதிகளெல்லாம் பிறப்பது அந்த இடைவெளியில்தான்.

வடகாற்று:
நன்றி. ஒப்பந்தம் பற்றி யாராவது?

கணக்கர்:
எல்லாரும் ‘அரசுக்கு எத்தனை சதவீதம்’ என்று கேட்பார்கள். முதலில் கேட்கவேண்டியது செலவு மீட்பு வரம்பு, அதாவது கம்பெனி தன் செலவை ஈடுகட்ட எண்ணெயில் அதிகபட்சம் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பது.

ஒரு மாதிரிக் கணக்கு (எண்கள் என் கற்பனை, எந்த ஒப்பந்தமும் இல்லை). 100 பீப்பாய் வருகிறது. ராயல்டி (அரசுக்கு முதலிலேயே போகும் பங்கு) 5 சதவீதம், மிச்சம் 95. செலவு மீட்பு வரம்பு 80 சதவீதம் என்றால் 76 பீப்பாயைக் கம்பெனி தன் செலவுக்கு எடுத்துக்கொள்ளும். மிஞ்சிய 19-ஐப் பாதிப்பாதி பிரித்தால் அரசுக்கு 9.5. ராயல்டியோடு மொத்தம் 14.5. இனி வரம்பை மட்டும் 50 ஆக்குங்கள்: செலவுக்கு 47.5, லாப எண்ணெய் 47.5, அரசுக்கு 23.75 + 5 = 28.75. ‘பாதிப் பங்கு’ என்ற தலைப்புச் செய்தி இரண்டிலும் ஒன்றுதான், முதல் ஆண்டுகளின் வரவு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேறு.

ஆனால் வரம்பு செலவைத் தள்ளிப்போடுமே ஒழிய ஒழிக்காது. அதனால் எது செலவு என்ற பின்னிணைப்பைத்தான் வரிவரியாகப் படிக்க வேண்டும். தலைமையகச் செலவு எத்தனை சதவீதம்? ஒரு தொகுதியில் வறண்ட கிணற்றின் செலவை இன்னொரு தொகுதி வருவாயில் கழிக்கலாமா? தாய்க் கம்பெனி தன் துணைக் கம்பெனிக்கு வாடகைக்குக் கொடுக்கும் ரிக்கின் (துளைக்கும் இயந்திரத்தின்) விலையை யார் சரிபார்ப்பார்கள்? தணிக்கைக்கு எத்தனை ஆண்டு அவகாசம்? அந்தக் கெடு தாண்டினால் கணக்கு ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆள் இல்லாத அமைச்சகங்கள் தோற்பது பெரும்பாலும் இங்கே.

இரண்டாவது, எண்ணெய்க்கு முன்பே வரும் பணம்: கையெழுத்துப் பணம், ஆண்டு நிலவாடகை, பயிற்சி நிதி. வளச் சாபம் முதலில் நுழைகிற வாசல் இதுதான். 2013-ல் மத்திய அரசோடு ஒப்பந்தம் போட்ட சோமா ஆயில், அமைச்சகத்துக்கு ‘திறன் மேம்பாடு’ என்ற பெயரில் கொடுத்த பணத்தை ஐ.நா. கண்காணிப்புக் குழு 2015-ல் கேள்விக்குள்ளாக்கியது. பிரிட்டனின் கடும் மோசடி விசாரணை அலுவலகமும் விசாரித்தது. போதிய ஆதாரம் இல்லை என்று 2016 டிசம்பரில் மூடினார்கள், கம்பெனியும் குற்றச்சாட்டை மறுத்தே வந்தது. குற்றம் இருந்ததா என்பது விடுங்கள். ஒழுங்குபடுத்தும் அலுவலகத்தின் சம்பளத்தை ஒழுங்குக்கு உட்படவேண்டியவரே கொடுக்கும் ஏற்பாடு எந்த ஊருக்கும் ஆகாது. ஷெல்லும் எக்ஸான்மொபிலும் பழைய கடல் உரிமங்களுக்கான வாடகை நிலுவை என்று 17 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தன. முப்பது ஆண்டுக்கு அவ்வளவுதான். மாவட்டத்துக்கு அதில் எவ்வளவு என்று யாராவது கேட்டார்களா?

மூன்றாவது, கைவிடும் கெடு. ஒவ்வொரு தேடல் கட்டம் முடியும்போதும் பரப்பில் எவ்வளவைத் திருப்பித் தரவேண்டும், ஒப்புக்கொண்டும் துளைக்காத கிணற்றுக்கு என்ன அபராதம், அதற்கு வங்கி உத்தரவாதம் உண்டா. இது இல்லாவிட்டால் உரிமத்தை வைத்துக்கொண்டு பங்கை மட்டும் விற்றுக்கொண்டிருப்பார்கள்.

எல்லைக்கல்:
கடனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் சோமாலியாவுக்கு சுமார் 450 கோடி டாலர் கடன் தள்ளுபடியாகி, வெளிக்கடன் உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்துக்கும் கீழே வந்தது. வரப்போகிற எண்ணெயைக் காட்டி மறுபடியும் கடன் வாங்குவதற்கு இதைவிட வசதியான நேரம் கிடையாது.

வளிமண்:
மேலே சொன்னதெல்லாம் காகிதம். தரையில் நடப்பதையும் பார்க்க வேண்டும்.

நில அதிர்வு ஆய்வுக்கு புல்டோசர் நேர்கோடாகப் புதரை வழித்துக்கொண்டே போகும். மழை வரும்போது அந்தக் கோடே ஓடையாகி மண்ணை அரிக்கும். சரிவுக்குக் குறுக்கே சில பத்து மீட்டருக்கு ஒரு மண்திட்டு, முடிந்ததும் இரண்டு முனையிலும் முள் போட்டு அடைப்பு. இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதிவாங்க வேண்டும். அடைக்காவிட்டால் அடுத்த மாதமே கரி லாரி அதே பாதையில் வந்து நிற்கும். நுகாலில் ‘கலூல்’ என்கிற கருவேல இனம் ஏற்கெனவே கரிக்குப் போய்க் குறைந்துகொண்டிருக்கிறது.

ரிக்குக்குத் தண்ணீர் வேண்டும், அதனால் ஆழ்துளைக் கிணறு போடுவார்கள். ரிக் போனதும் ‘மக்களுக்கு நன்கொடை’ என்று படம் எடுப்பார்கள். டீசல் யார் போடுவது? பம்ப் எரிந்தால் யார் மாற்றுவது? ஒரு வறட்சி வந்தால் ஆயிரக்கணக்கில் ஒட்டகமும் ஆடும் அங்கே குவிந்து, சுற்றிலும் புல் மொட்டையாகும். பிறகு கிணறு யாருடைய குலத்துக்கு என்ற பிரச்சினை. மழைநீரைப் பிடித்துவைக்கும் ‘பெர்காத்’ தொட்டிகளை நம்பி இருந்த மேய்ச்சல் சுழற்சியே மாறிப்போகும். கிணறு போடும் இடத்தை, யார் எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் மேய்க்கிறார்கள் என்று பெரியவர்களிடம் கேட்ட பிறகே முடிவு செய்யவேண்டும். சேற்றுக்குழிக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, சுற்றிலும் வேலி, மூடும்போது உப்பு அளவுச் சோதனை. வேலி இல்லாத குழியில் ஆடு தண்ணீர் குடிக்கும், அதற்கு எந்தப் பலகை வைத்தும் புரியவைக்க முடியாது.

காவல் வேலைதான் பெரிய விவகாரம். தேடல் கட்டத்தில் உள்ளூருக்குக் கிடைக்கும் நிஜமான சம்பளம் அது மட்டுமே. பன்ட்லாந்தில் அதற்கென்றே ‘தேடல் பாதுகாப்புப் பிரிவு’ என்று ஒரு படை இருந்தது. ஒரு குலத்திலிருந்து மட்டும் ஆள் எடுத்தால் பக்கத்துக் குலம் சாலையை மறிக்கும். எல்லாரிடமும் எடுத்தாலும் கிணறு வறண்ட மறுநாள் துப்பாக்கி, பயிற்சி, பாக்கிச் சம்பளம் மூன்றோடும் ஆட்கள் நடுத்தெருவில் நிற்பார்கள். எத்தனை பேர், எந்தக் குலம், எத்தனை மாதம், வேலை முடிந்தால் துப்பாக்கி யாரிடம் திரும்பும் என்ற நான்கும் முதல் லாரி உள்ளே வருமுன் பெரியவர்கள் முன்னிலையில் எழுத்தில் இருக்க வேண்டும்.

கணக்கர்:
வளிமண் சொன்ன அந்த ஆழ்துளைக் கிணறும் செலவு மீட்பில் ஏறும். நன்கொடை என்று பலகை வைப்பார்கள், பில்லை எண்ணெய்க் கணக்கில் எழுதுவார்கள். பின்னிணைப்பில் ‘சமூகச் செலவு’ என்ற வரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.