ஆக்சில் நட்டை இறுக்கினால் பின் சக்கரம் பிடித்துக்கொள்கிறது. ஸ்பேசர் இடம் மாறிவிட்டதா?

சாக்குமூட்டை:
வணக்கம். எழுபதுகளில் வந்த ஒற்றை சிலிண்டர் பைக் ஒன்றைப் பிரித்துப்போட்ட நிலையில் வாங்கினேன். ஃப்ரேமும் எஞ்சினும் ஒரே வண்டியுடையவை. பின் சக்கரம் வேறு எதிலிருந்தோ வந்திருக்கிறது. மீதி எல்லாம் ஒரு சாக்கில் இருந்தது. அதனால் தயவுசெய்து மேனுவலைப் பார் என்று சொல்லாதீர்கள். மேனுவலில் இருக்கும் ஹப் (சக்கரத்தின் நடுக்கூடு) வேறு, என்னிடம் இருக்கும் ஹப் வேறு.

விஷயம் இதுதான். ஆக்சில் 17 மி.மீ. ஹப்பில் இரண்டு பேரிங், இரண்டும் 6203 என்ற அளவு. நானே புதிதாகப் போட்டேன். ஸ்ப்ராக்கெட் தனி கேரியரில் வருகிறது, அதற்குள் இன்னொரு பேரிங், நடுவில் குஷ் ரப்பர் (செயின் இழுப்பின் அதிர்வைத் தாங்குவது). வலது பக்கம் டிரம் பிரேக், இடது பக்கம் செயின்.

சாக்கில் நான்கு ஸ்பேசர் (ஆக்சிலில் கோத்து இடைவெளியை நிரப்பும் குழாய்த் துண்டு) கிடைத்தன. ஒன்று 18 மி.மீ. நீளம், ஒன்று 24. மூன்றாவது தொப்பி மாதிரி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும் இருக்கிறது. நான்காவது ஆக்சிலில் நுழையவே மாட்டேன் என்கிறது. தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாததால் அதைப் போடவில்லை. செயின் பக்கம் 18, பிரேக் பக்கம் 24 வைத்தேன்.

கையால் நட்டைத் திருகும் வரை சக்கரம் அருமையாகச் சுற்றுகிறது. ஸ்பானர் போட்டு இறுக்க இறுக்கக் கனமாகி, கடைசியில் இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருக்கிறது. அரைச் சுற்று தளர்த்தினால் மறுபடி சுற்றுகிறது. பிரேக் ஷூவைக் கழற்றிவிட்டும் பார்த்தேன், அதேதான்.

இன்னொன்று: பின் ஸ்ப்ராக்கெட் முன் ஸ்ப்ராக்கெட்டை விட வெளியே தள்ளி நிற்பது போல் தெரிகிறது. இதுவும் அதுவும் ஒரே கோளாறா?

கிக்கர்:
என் வண்டியிலும் இப்படித்தான் இருந்தது. சக்கரம் ஃப்ரீயாகச் சுற்றும் அளவுக்கு மட்டும் இறுக்கிவிட்டு ஸ்பிலிட் பின் (நட் கழலாமல் குறுக்கே செருகும் கம்பி) போட்டுவிடுங்கள். பின் இருக்கும்போது நட் எங்கே கழலப்போகிறது? இரண்டு வருடமாக ஓட்டுகிறேன்.

லேத்தடி:
கிக்கர் சொன்னதைச் செய்யாதே தம்பி. அவர் மேல் கோபமில்லை, ஆனால் அவர் ஆக்சிலை உருவி ஒருமுறை வெளிச்சத்தில் பார்க்கட்டும். பேரிங் உட்காரும் இடத்தில் வளையம் வளையமாகத் தேய்ந்திருக்கும். நட் இறுகாத வண்டியில் பேரிங்கின் உள் வளையம் நிற்காமல் ஆக்சில் மேலேயே சுற்ற ஆரம்பித்துவிடும். போதாததற்குச் செயின் இழுக்கிற இழுப்பில் சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பும்.

முதலில் இதை மனதில் வாங்கிக்கொள். பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் ஒரு பக்க ஆர்மில் தொடங்கி மறுபக்க ஆர்ம் வரை ஆக்சில் மேல் கோத்திருக்கும் எல்லாம் ஒன்றோடொன்று முட்டி, ஒரே இரும்புத் துண்டு மாதிரி நிற்க வேண்டும். ஆர்ம், ஸ்பேசர், பிரேக் பிளேட், பேரிங்கின் உள் வளையம், ஹப்புக்குள் இருக்கும் குழாய், அடுத்த பேரிங்கின் உள் வளையம், கேரியர் புஷ் (நீ தொப்பி என்று சொன்னது), கேரியர் பேரிங், ஸ்பேசர், ஆர்ம். இந்த வரிசை சுற்றவே கூடாது. இதன் மேல் ஹப்பும் கேரியரும் மட்டும்தான் சுற்றும். வரிசை சரியாக இருந்தால் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் சக்கரத்துக்குத் தெரியவே தெரியாது. உன் சக்கரத்துக்குத் தெரிகிறது என்றால் வரிசையில் ஏதோ ஒன்று குட்டை, அல்லது ஏதோ ஒன்று இல்லை.

நீ நான்கு ஸ்பேசரைப் பற்றி எழுதினாய். ஹப்புக்குள் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் போகும் குழாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அங்கேதான் சந்தேகம். அது குட்டையாக இருந்தால், நட்டை இறுக்கும்போது உள் வளையங்கள் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று இழுபடும். வெளி வளையங்கள் ஹப்பின் படியில் (பேரிங் குழியின் அடி விளிம்பு) முட்டி நிற்பதால் நகராது. நடுவில் மாட்டிக்கொண்டு குண்டுகள் நசுங்கும். இந்த அளவு பேரிங்கில் பக்கவாட்டு ஆட்டம் கிட்டத்தட்ட பத்தில் ஒரு மி.மீ.தான். அதைத் தாண்டிக் குறைந்தால் பேரிங்தான் பலி.

உள்ளே கோளாறா வெளியே கோளாறா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சக்கரத்தை வெளியே எடு. கேரியர், பிரேக் பிளேட் இரண்டையும் ஒதுக்கி வை. ஆக்சிலை வெறும் ஹப்பில் நுழைத்து, இரண்டு பக்கமும் உள் வளையத்தை மட்டும் தொடும் அளவுக்குக் குழாய்த் துண்டுகளை வைத்து, மேசையிலேயே நட்டை இறுக்கு. அங்கேயே பிடித்தால் நடுக் குழாய்தான். அங்கே ஃப்ரீயாக இருந்து வண்டியில் போட்டால் மட்டும் பிடித்தால், வெளியே ஏதோ உரசுகிறது. ஸ்பேசரின் முகம் பேரிங் சீலைத் தொடலாம், இல்லை பிரேக் பிளேட்டின் விளிம்பு டிரம்மில் உரசலாம். 6203-க்கு ஸ்பேசரின் வெளி விட்டம் 22 மி.மீ. இருந்தால் போதும்.

தொப்பி புஷ் இல்லாமல் மாட்டியிருக்கிறாய், அதுவும் தப்பு. ஒல்லிப் பக்கம் கேரியர் பேரிங்குக்குள் நுழையும். அகலப் பக்கம் ஹப் பேரிங்கைப் பார்த்து நிற்கும். அது இல்லாவிட்டால் கேரியர் நேராக ஹப்பின் மேல் போய் முட்டும்.

சாக்குமூட்டை:
மேசையில் வைத்து இறுக்கினேன் அண்ணா. அங்கேயே பிடித்துக்கொண்டது.

நடுவில் குழாய் இருக்கிறது. பேரிங்கைத் தட்டி எடுத்து வெர்னியரில் அளந்தேன். 61.3 மி.மீ. ஆனால் எதோடு ஒப்பிடுவது என்று தெரியவில்லை.

லேத்தடி:
இரண்டு படிகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தோடு. நேராக அளக்க வராது. வெர்னியரின் வாலால் ஒவ்வொரு பக்கமும் பேரிங் குழியின் ஆழத்தை எடு, ஹப்பின் மொத்த அகலத்தில் இரண்டையும் கழி. தட்டி எடுத்த பேரிங்கைத் திரும்பப் போடாதே. உள் வளையத்தில் அடித்துத்தானே வெளியே வந்திருக்கும்?

சாக்குமூட்டை:
ஆமாம், உள் வளையத்தில்தான் அடித்தேன். விரலில் மாட்டிச் சுற்றினால் மணல் இருப்பது போல் நறநறக்கிறது. போட்டு ஒரு கிலோமீட்டர் கூட ஓடவில்லை.

அளவு: மொத்தம் 96.0. ஒரு பக்கக் குழி 15.4, மறுபக்கம் 18.5. மீதி 62.1. அப்படியென்றால் என் குழாய் 0.8 மி.மீ. குட்டை. 0.8 கனத்தில் ஒரு வாஷர் வைத்துச் சமாளிக்கலாமா?

லேத்தடி:
வேண்டாம். மெல்லிய வாஷர் நாளடைவில் கிண்ணம் மாதிரி குழிந்துவிடும். அப்புறம் நட் தானாகத் தளரும். குழாயை முழுசாகப் புதிதாகக் கடைந்து வாங்கு. இரும்புக் குழாய், 62.2 மி.மீ., அதாவது படி தூரத்தை விட 0.1 மி.மீ. நீளம். இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், ஹாக்ஸா பிளேடால் அறுத்து அரம் போட்டதெல்லாம் கதைக்கு ஆகாது.

பேரிங் போடும்போது ஹப்பைச் சூடாக்கிக்கொள், பேரிங்கை ஃப்ரீசரில் வை. முதல் பேரிங் படியில் முட்டும் வரை போகட்டும். தட்டுவது எப்போதும் வெளி வளையத்தில்தான். பழைய பேரிங்கின் வெளி வளையத்தையே மேலே வைத்துத் தட்டலாம். பிறகு குழாயை மறக்காமல் உள்ளே இறக்கு (மறந்தவன் சொல்கிறேன்). இரண்டாவது பேரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, அது குழாயைத் தொட்டதும் நிறுத்து. ஆக்சில் துளை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டுக் குழாயைப் பக்கவாட்டில் தள்ளிப் பார். தள்ளினால் முரண்டு பிடித்துக்கொண்டே நகர வேண்டும். கலகலவென்று ஆடினால் பேரிங் இன்னும் இறங்கவில்லை. அசையவே இல்லை என்றால் அதிகமாக இறக்கிவிட்டாய்.

ஸ்போக் கீ:
ஸ்ப்ராக்கெட் வெளியே நிற்கிறது என்றாரே, அதை யாரும் கவனிக்கவில்லை. தொப்பி புஷ்ஷைப் போட்ட பிறகு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று நேரான இரும்புப் பட்டையைப் பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒட்டி வைத்துப் பாருங்கள். 18-ஐயும் 24-ஐயும் இடம் மாற்றினால் சக்கரம் 6 மி.மீ. பிரேக் பக்கம் நகரும். முதலில் செயின் நேராகட்டும். ரிம் நடுவில் வரவில்லை என்றால் அதை ஸ்போக்கில் இழுத்துக்கொள்ளலாம். ரிம்மை நடுவில் கொண்டுவர ஸ்பேசரைச் சீவினீர்கள் என்றால் செயின் கோணிக்கொண்டு போகும்.

சாக்குமூட்டை:
முடிந்தது. புதுக் குழாய் 62.2, புது பேரிங் இரண்டு, தொப்பி புஷ் உள்ளே. பட்டையை வைத்துப் பார்த்தபோது ஸ்ப்ராக்கெட் சரியாக 6 மி.மீ. வெளியே. ஸ்போக் கீ சொன்னபடி ஸ்பேசர்களை இடம் மாற்றினேன், நேராகிவிட்டது. ரிம் மட்டும் 2 மி.மீ. இடது பக்கம், அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். ஆக்சிலுக்கு கிரீஸ் பூசி உள்ளே விட்டேன். நட்டை முழுசாக இறுக்கிய பிறகும் ஒரு விரலால் தள்ளினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

லேத்தடி:
நல்லது. பிரேக் பிளேட்டின் டார்க் ஆர்மை (பிளேட் சுற்றாமல் பிடித்து வைக்கும் பட்டை) மாட்டினாயா? அது இல்லாமல் பிரேக் பிடித்தால் பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, பிரேக் ராடை வளைத்துப் போட்டுவிடும். ஆக்சில் நட்டைக் கடைசியாக இறுக்கும்போது பிரேக் பெடலை யாரையாவது மிதித்துப் பிடிக்கச் சொல், ஷூ டிரம்மின் நடுவில் வந்து உட்காரும். செயின் தொய்வைச் சக்கரத்தைச் சுற்றி, செயின் அதிகமாக இறுகும் இடத்தில் பார். ஸ்பிலிட் பின் புதிது.

சாக்குமூட்டை:
டார்க் ஆர்ம் சாக்கிலேயே இருக்கிறது. இப்போதுதான் தேடி எடுத்தேன். நன்றி அண்ணா.

அந்த நான்காவது ஸ்பேசரின் உள் விட்டத்தை அளந்தேன். 15 மி.மீ. முன் ஆக்சிலும் 15.

கிக்கர்:
என் ஆக்சிலை உருவிப் பார்த்தேன். லேத்தடி அண்ணா, 17 மி.மீ. ஆக்சில் கடைந்து தர எத்தனை நாள் ஆகும்?