9ஆம் வகுப்புக்கு கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்: யாராவது வகுப்பில் நடத்தியிருக்கிறீர்களா?

கரும்பலகை:
அரசு உதவி பெறும் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். செயற்கைக்கோள், சுற்றுப்பாதை வரும் இடத்தில் பிள்ளைகள் சூத்திரத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள், ஆனால் ராக்கெட் நேரே மேலே போய்க்கொண்டே இருந்தால் ஒரு உயரத்தில் ஈர்ப்பு தீர்ந்துவிடும், அதனால்தான் எல்லாம் மிதக்கிறது என்றுதான் உள்ளுக்குள் நம்புகிறார்கள். விண்வெளி நிலையம் சுற்றும் 400 கி.மீ. உயரத்திலும் தரையில் இருக்கும் ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது என்றால் தலையாட்டுகிறார்கள், பரீட்சையில் பழையபடி எழுதுகிறார்கள். ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கெர்பல் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு இதற்கு உதவும் என்கிறார்களே, நிஜமா? வகுப்பறையில் என்னிடம் இருப்பது ஒரு புரொஜெக்டர், ஒரு சுமாரான லேப்டாப். பிள்ளைகள் 40 பேர். ஹெச்.எம். காதில் "கேம்" என்று விழுந்தாலே வம்பு.

செங்குத்து:
தாராளமாகச் செய்யுங்கள் சார், இந்தப் பாடத்துக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. முதல் ராக்கெட்டை அவர்கள் சொல்கிறபடியே நேராக மேலே விடுங்கள். அதில் வரும் கெர்பின் என்ற கோளில் காற்று மண்டலம் 70 கி.மீ.யோடு முடிகிறது. 100 கி.மீ. தாண்டி எஞ்சின் நின்றதும் ராக்கெட் மெதுவாகி, திரும்பி, பொத்தென்று கீழே வரும். வகுப்பே கத்தும். அப்போது எதுவும் விளக்க வேண்டாம்.

அப்புறம் நோட்டை எடுக்கச் சொல்லுங்கள். கெர்பின் ஆரம் 600 கி.மீ., தரையில் ஈர்ப்பு நம் பூமி அளவேதான். 80 கி.மீ. உயரத்தில் சுற்ற எவ்வளவு வேகம் வேண்டும்? புத்தகத்தில் இருக்கும் அதே சூத்திரம்தான், நொடிக்குச் சுமார் 2.28 கி.மீ. வரும். எழுதி முடித்த பிறகு ராக்கெட்டைக் கிழக்கே சாய்த்து ஓட்டிப் பார்த்தால் திரையிலும் அந்த எண்ணே வரும்போது, சூத்திரம் என்பது மார்க் வாங்கும் சமாச்சாரம் மட்டும் இல்லை என்று புரியும். விண்வெளி நிலையத்துக்கு ஏன் 7.7 கி.மீ. அளவுக்கு வேண்டியிருக்கிறது என்று அவர்களே கேட்பார்கள்.

இன்னொன்று: ஏவுதளத்தில் ராக்கெட் சும்மா நிற்கும்போதே வேகக் காட்டியை 'ஆர்பிட்' என்று மாற்றுங்கள். நொடிக்கு 175 மீட்டர் காட்டும். கோள் சுழல்கிறதே, அந்த வேகம். ஸ்ரீஹரிகோட்டா ஏன் கிழக்குக் கரையில் இருக்கிறது என்பதற்கு இங்கிருந்து ஒரே எட்டு. அங்கே தரையே நொடிக்கு 450 மீட்டர் அளவுக்குக் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது, கிழக்கே ஏவினால் அந்த வேகமும் ராக்கெட்டோடு சேர்ந்துகொள்ளும்.

மணியடிச்சாச்சு:
எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. எங்கள் பள்ளியில் கணக்கு கேம் என்று ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினார்கள். பெருக்கலுக்குச் சரியான விடை சொன்னால் காசு விழும், காசைச் சேர்த்து டிராகனுக்குத் தொப்பி வாங்கலாம். பிள்ளைகளுக்குத் தொப்பி நினைவிருக்கிறது, வாய்ப்பாடு இல்லை. கெர்பலில் பாடமே விளையாட்டின் விதியாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன், சரி. ஆனால் மவுஸ் யார் கையில் இருக்கும்? வீட்டில் ஏற்கெனவே விளையாடும் ரெண்டு பையன்கள் கையில். மற்றவர்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இதற்கு வழி சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

டெலிடைப்:
@மணியடிச்சாச்சு, ஒரே மெஷினை வைத்து ஒரு வகுப்பே விளையாடுவது புதிதில்லை. 1971இல் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர், நண்பர்கள் இருவரோடு சேர்ந்து குடியேறிகள் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போகும் 'ஆரிகன் ட்ரெயில்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை வரலாற்று வகுப்புக்காகத்தான் எழுதினார். திரைகூடக் கிடையாது, காகிதத்தில் அச்சடித்துத் தள்ளும் டெலிடைப். வேட்டையாட வேண்டுமென்றால் 'பேங்' என்று சட்டென டைப் அடிக்க வேண்டும். மாணவர்கள் குழுவாகக் கூடிப் பேசித்தான் முடிவெடுத்தார்கள்.

நீங்களும் பிரித்துவிடுங்கள். மவுஸ் பிடிப்பவர் வாயே திறக்கக் கூடாது, எரிபொருளைப் பார்க்க ஒருவர், உயரத்தைக் கூவ ஒருவர், எப்போது சாய்ப்பது என்று சொல்லும் கேப்டன் ஒருவர். ஒவ்வொரு ஏவலுக்கும் குழு மாறட்டும். வீட்டில் விளையாடும் பையன்களைக் கணக்குப் போடும் குழுவில் போடுங்கள், அடங்கிவிடுவார்கள்.

வரலாறு டீச்சர்:
ஆரிகன் ட்ரெயில் பேச்சு வந்ததால் ஒரு சின்ன விஷயம். குடியேறப் போகிற வெள்ளையரின் வண்டியிலிருந்து பார்த்த கதை அது, அந்த மண்ணின் பூர்வகுடிகள் ஓரத்தில்தான் வருவார்கள். 2021இல் வந்த புதிய பதிப்பில்தான் பூர்வகுடி அறிஞர்களைக் கலந்து சிலதைத் திருத்தினார்கள். இயற்பியலில் இந்தத் தொல்லை இல்லை, வரலாற்றுக்கு கேம் எடுப்பவர்கள் கவனிக்கவும்.

லினக்ஸ் தம்பி:
சார், முதல் கெர்பலே போதும். இரண்டாவது 2023இல் பாதி வேலையோடு வெளிவந்து அப்படியே நின்றுபோச்சு, வாங்கிவிடாதீர்கள். லேப்டாப் திணறினால் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற இணையதளத்தில் ஈர்ப்பும் சுற்றுப்பாதையும் பற்றிய செயல்விளக்கம் ஒன்று இலவசமாக இருக்கிறது. டவுன்லோட் செய்தால் நெட் இல்லாமலும் பிரவுசரில் ஓடும். ஹெச்.எம்.மிடம் 'சிமுலேஷன்' என்று சொல்லுங்கள், கேம் என்று ஏன் வாய் விடுகிறீர்கள்?

கரும்பலகை:
எல்லோருக்கும் நன்றி. ஃபெட்டை கம்ப்யூட்டர் லேபில் ஆளுக்கு ஒன்றாகப் போட்டுவிட்டு, கெர்பலை புரொஜெக்டரில் குழுவாக நடத்தலாம் என்று இருக்கிறேன். ஒரு பீரியடில் முடியுமா?

செங்குத்து:
முடியாது, ரெண்டு பீரியட் சேர்ந்தாற்போல் வாங்குங்கள். ராக்கெட்டை முந்தின நாளே கட்டி வைத்துவிடுங்கள், டிசைன் பண்ண விட்டால் அரைப் பரீட்சை வரை அதிலேயே இருப்பார்கள். லேப்டாப் பேட்டரியும் ஃபுல்லாக இருக்கட்டும். சாய்க்கும் முன் எஃப்5 அழுத்திச் சேமித்தால், தப்பானால் எஃப்9 போட்டு அங்கிருந்தே தொடரலாம்.