ஏரிதானே என்று ஏறிய பயணங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

பட்டர்வொர்த் வாசி

சுமத்ராவின் தோபா ஏரிக்குப் போகாத பினாங்குக்காரர்கள் குறைவு. மேடானுக்கு விமானம், பிறகு காரில் சில மணி நேரம். ஆகவே முன்கதை வேண்டாம். 2019-இல் சீமானிந்தோவிலிருந்து தீகாராசுக்கு மரப்படகில் வந்தோம். சினார் பாங்குன் என்ற பயணிகள் கப்பல் மூழ்கிய அதே தடம். 2018 ஜூன் 18, பெருநாள் விடுமுறை, ஏறத்தாழ 40 பேருக்கான கப்பலில் 180-க்கும் மேற்பட்டோர், கூடவே மோட்டார் சைக்கிள்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான்.

என் பக்கத்தில் ஒரு மூதாட்டி பிளாஸ்டிக் பையில் பூவிதழ்களோடு உட்கார்ந்திருந்தார். நடு ஏரியில் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இதழ்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விட்டார். ஏழு வயது மகள் எதற்கென்று மலாயில் கேட்டுவிட்டாள். "ஆனாக் சாயா டி பாவா" என்றார். மகன் கீழே இருக்கிறானாம். தூரத்தில் எங்கேயோ கையைக் காட்டவில்லை, நேராக எங்கள் காலடிக்குக் கீழே காட்டினார். கப்பல் கிடக்கும் ஆழம் 450 மீட்டர். கருவி இறக்கிப் படம் எடுத்தார்கள். 160-க்கும் மேற்பட்டவர்களை மேலே கொண்டுவர முடியாமல் ஜூலையில் தேடலை நிறுத்தினார்கள்.

அப்போதுதான் இருக்கைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். உயிர்காப்பு அங்கிகள் இருந்தன, கயிறு போட்டு மூட்டையாகக் கட்டியபடி. முடிச்சு இறுகிப்போயிருந்தது. அவிழ்த்துத் தாருங்கள் என்று நான் படகோட்டியிடம் கேட்கவில்லை. மகள் மடியில் இருந்தாள், அப்படியும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

செந்தூல் அக்கா

என் மகன் மிச்சிகனில் வேலை செய்கிறான். ஒரு நவம்பர் 10 அன்று ஒயிட்ஃபிஷ் முனைக்கு அழைத்துப் போனான். எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 729 அடி நீளக் கப்பல், வயிறு நிறைய இரும்புத்தாது, 1975-இல் அதே நாளில் சுப்பீரியர் ஏரியில் புயலுக்குள் போனது. பின்னால் வந்த ஆண்டர்சன் கப்பல் வானொலியில் நிலைமையைக் கேட்டபோது, தாக்குப்பிடிக்கிறோம் என்றுதான் பதில் வந்தது. சிறிது நேரத்தில் ரேடாரில் அதைக் காணவில்லை. அபாயக்குரல்கூட இல்லை. ஒயிட்ஃபிஷ் விரிகுடாவின் ஒதுக்கிடத்துக்கு இன்னும் 17 மைல்தான் இருந்தது. 29 பேரில் ஒருவர் உடலும் கிடைக்கவில்லை. அந்தக் குளிர்ந்த நீரில் உடல் மிதந்து மேலே வராது என்று மகன் சொன்னான். நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன்.

1995-இல் மேலே எடுத்த அந்தக் கப்பலின் மணி ஒயிட்ஃபிஷ் முனை அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. ஒருவருக்கு ஒன்றாக 29 முறை அடித்தார்கள். கோயில் மணியை எண்ணிப் பழகியவள், விரல் மடக்கி எண்ணினேன். முடிந்தது என்று கையைப் பிரித்தபோது இன்னொரு முறை அடித்தது. யாருக்கு என்று பக்கத்தில் நின்ற முதியவரைக் கேட்டேன். இந்த ஏரிகளில் போன மற்ற எல்லோருக்கும் என்றார்.

பட்டர்வொர்த் தம்பி, சினார் பாங்குனில் பயணிகள் பட்டியலே இல்லை. எத்தனை பேர் ஏறினார்கள் என்பதையே, வீடு திரும்பாதவர்களை உறவினர்கள் வந்து சொல்லச் சொல்லத்தான் கணக்கிட்டார்கள். அவர்களுக்கு எத்தனை முறை அடிப்பது?

ஜார்ஜ்டவுன் 10300

கப்பல் மூழ்கிய இடம் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. 1914 அக்டோபர் 28 விடியற்காலை, சென்னையைச் சுட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், போலிப் புகைபோக்கி ஒன்றைப் பொருத்திக்கொண்டு நம் துறைமுகத்துக்குள் நுழைந்து, ரஷ்யாவின் ஜெம்சுக் கப்பலைச் சில நிமிடங்களில் மூழ்கடித்தது. ஜெம்சுக்கின் தலைவர் அப்போது கரையில் இருந்தார். வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அந்த மாலுமிகளின் நினைவுக்கல்லைக் கைக்குட்டையால் துடைத்திருக்கிறேன். எழுத்து புரியவில்லை, கை மட்டும் பச்சையானது. பினாங்கில் பலருக்கு இது தெரியாது என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

மற்றபடி, ஏரியில் அப்படி என்ன அலை வந்துவிடும்? எல்லாம் மனிதர்களின் கவனக்குறைவு.

பழைய இயந்திர அறை

மேலே எழுதியவருக்கு: தம்பி, இருபத்தாறு ஆண்டுகள் கடலில் இருந்தவன் சொல்கிறேன். கடல் அலை நீளமானது, கப்பல் அதில் ஏறி இறங்க இடம் கொடுக்கும். ஏரி அலை செங்குத்தானது, நெருக்கமானது. ஒன்றிலிருந்து நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒதுங்கிப்போகக் கடலில் இருக்கும் பரப்பும் அங்கே இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை. 1913 நவம்பரில் ஒரே புயல் அமெரிக்கப் பேரேரிகளில் 250 பேருக்கு மேல் கொன்றது. அவர்கள் எல்லோரும் கவனக்குறைவானவர்களா?

என் அனுபவம் ஆப்பிரிக்காவின் தாங்கனிக்கா ஏரியில். எங்கள் கப்பல் தார் எஸ் சலாமில் பழுதுபார்ப்புக்கு நின்றபோது, ரயிலேறி ஏரிக்கரையிலுள்ள கிகோமா போய் லியெம்பா கப்பலைப் பார்த்தேன். ஜெர்மனியில் கட்டி, பிரித்து, ஆயிரக்கணக்கான பெட்டிகளில் அடைத்து, கப்பலிலும் ரயிலிலும் ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து பூட்டியது. 1916-இல் எதிரியிடம் சிக்கக்கூடாதென்று ஜெர்மானியர்களே அதை மூழ்கடித்தார்கள். ஆனால் மூழ்கடிப்பதற்கு முன்னால் இயந்திரங்களுக்குத் தடிமனாகக் கிரீஸ் பூசினார்கள். 1924-இல் ஆங்கிலேயர்கள் தூக்கியபோது இயந்திரங்கள் வீணாகியிருக்கவில்லை; 1927-இல் கப்பல் மறுபடி ஓடியது.

உடற்பகுதியில் அந்தப் பழைய ஆணித்தலைகள் வரிசையாக இருந்தன. உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். சாகக் கொடுக்கும் கப்பலுக்குக் கிரீஸ் பூசிய அந்த ஆள் யாரோ. நானும் அதே தொழில்காரன். என் கடைசிக் கப்பலை உடைப்பதற்குக் கரையேற்றியபோது, இயந்திர அறையைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ஆசிரியை

கெனிர் ஏரிக்கு மாணவர்களை அழைத்துப் போனபோது, மான் தெரிகிறது என்று ஒருவன் கத்த, முப்பது பேரும் ஒரே பக்கம் ஓடினார்கள். படகு சாய்ந்தது. தேநீர்க் கோப்பை மேசையில் நகர்ந்து போனதை மறக்க முடியவில்லை. அவ்வளவுதான், ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைக் கேளுங்கள். மேல்தளத்தில் கூட்டத்தைச் சேரவிடாதீர்கள். 1915-இல் சிகாகோவில் ஈஸ்ட்லேண்ட் என்ற ஏரிக் கப்பல் கரையில் கட்டியிருந்தபடியே கவிழ்ந்து 844 பேர் இறந்தார்கள். டைட்டானிக்குக்குப் பிறகு பாதுகாப்புக்கென்று ஏற்றிய கூடுதல் உயிர்காப்புப் படகுகளே அதன் மேல்பாரத்தைக் கூட்டியிருந்தன. அங்கியை ஏறும்போதே போட்டுவிடுங்கள், வாரை இறுக்குங்கள். பெரியவர்களின் அங்கியைக் குழந்தைக்குப் போட்டால் தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும். காற்று நிரப்பும் வகை என்றால் அறைக்குள் இருக்கும்போது நிரப்பாதீர்கள். கூரையில் ஒட்டிக்கொண்டு வெளியே வர முடியாது. தலையை எண்ணுங்கள், ஏறும்போதும் இறங்கும்போதும். படகில் ஆள் அதிகம் என்று தோன்றினால் இறங்கிவிடுங்கள், டிக்கெட் காசு போகட்டும்.

பட்டர்வொர்த் வாசி

கப்பல்காரர் ஐயாவுக்கு வணக்கம். ஆசிரியை சொன்னதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் பாட்டி மகன் பெயர் என்ன அப்பா என்றாள். நான் கேட்கவில்லை. அக்கா அந்தக் கூடுதல் மணியைப் பற்றி எழுதியதைப் படிக்கும்வரை, கேட்கவில்லை என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.