பழைய அக்வா வாங்கியாச்சு, முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கோண்டாவிலான்:

வணக்கம் எல்லோருக்கும். போன கிழமை ஒரு ரொயோட்டா அக்வா வாங்கினேன், பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார். 2013 மொடல், மீற்றரில் 134,000 கிலோமீற்றர் நிற்கிறது. இதுவரை வீட்டில் ஓடியதெல்லாம் சாதாரண பெற்றோல் கார்தான், அதனால் ஒயில் மாற்றுவது, ரயரில் காற்றுப் பார்ப்பது என்ற அளவில்தான் எனக்குப் பழக்கம். விற்றவர் ஹைபிரிட் பற்றரி நல்லா இருக்கிறது என்றார், ஆனால் சேர்விஸ் செய்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூட அவரிடம் இல்லை.

ஓட்டும்போது குறை எதுவும் தெரியவில்லை. இரண்டு சத்தம்தான் யோசிக்க வைக்கிறது. மத்தியான வெயிலில் நிறுத்திவிட்டு எடுத்தால் பின் சீற்றுப் பக்கமிருந்து உஸ்ஸென்று காற்றுச் சத்தம் வருகிறது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது. காலையில் ட்ரைவர் பக்கக் கதவைத் திறந்தவுடன் முன்னால் ஏதோ மோட்டர் சில விநாடி ஓடி நிற்கிறது, அப்போது நான் வண்டிக்குள் ஏறியிருக்கக்கூட மாட்டேன். ஒரு கராஜில் பற்றரியைக் கழற்றி ஒவ்வொரு செல்லாகச் சார்ஜ் போட வேண்டும் என்கிறார்கள், இன்னோர் இடத்தில் உடனே சிவிரி (பெல்ற் போட்ட ஓட்டோ கியர்பொக்ஸ்) ஒயில் மாற்றச் சொல்கிறார்கள். கையில் இருக்கும் காசு அளவானது. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்?

வன்னி மெக்கானிக்:

தம்பி, நீங்கள் சொன்ன இரண்டு சத்தமும் அக்வாவுக்கு இயல்பானவை, பயப்பட வேண்டாம். பின்னால் கேட்பது பற்றரியைக் குளிரவைக்கும் ஃபான். முன்னால் கேட்பது பிறேக் பம்ப், கதவு திறந்ததும் அழுத்தத்தைத் தயார் செய்துகொள்கிறது. வண்டி சும்மா நிற்கும்போது அந்தப் பம்ப் நிமிடத்துக்கு நிமிடம் விட்டுவிட்டு ஓடினால்தான் சிக்கல், அப்படியானால் பிறேக் அழுத்தத்தைக் கையாளும் பிறேக் அக்சுவேற்றரைப் பார்க்க வேண்டும்.

நல்லா ஓடும் பற்றரியை சும்மா கழற்ற விடாதீர்கள். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து 2025 தொடக்கம்வரை புதிதாகக் கார் வரவில்லை, அதனால் இங்கே ஓடும் பழைய அக்வாக்களில் நிறைய வண்டிகளின் பற்றரி ஏற்கனவே ஒரு முறையாவது திறக்கப்பட்டிருக்கும். உள்ளே 20 மொடியூல் (செல்கள் அடங்கிய கட்டி), ஒவ்வொன்றும் 7.2 வோல்ற், மொத்தம் 144 வோல்ற். பழுதான ஒன்றை மட்டும் மாற்றிவிட்டால் மற்றப் பத்தொன்பதும் பழசுதானே, சில மாதத்தில் பக்கத்தில் இருப்பது விழும். எனவே முதலில் அளவு எடுங்கள், பிறகு முடிவு எடுங்கள்.

அளவு எடுப்பது எப்படி என்றால், ஹைபிரிட் தெரிந்த இடத்தில் ஸ்கானர் போட்டு, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளாக் (சேர்த்து அளக்கும் மொடியூல் தொகுதி) வோல்ற்றேஜைப் பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும்போது எல்லாப் பிளாக்கும் ஒன்றுபோலத்தான் காட்டும், அதை நம்பக்கூடாது. ஆக்ஸிலேற்றரை நன்றாக மிதிக்கும்போது ஒரு பிளாக் மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ற் அளவுக்குக் கீழே விழுந்தால் அது தளர்ந்துவிட்டது. பி0ஏ80 என்ற பிழைக் கோட் வந்தால் பற்றரி மாற்றும் கட்டம். இன்னொன்றும் கட்டாயம் பாருங்கள்: கோட் அழித்தபின் எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்று ஸ்கானர் காட்டும். விற்பதற்கு முதல்நாள் கோட்டை அழித்துவிட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் மிகக் குறைவாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கான் எடுங்கள். ஸ்கானர் இல்லாமலே தெரியும் அறிகுறி ஒன்று, திரையில் பற்றரிக் கட்டங்கள் கொஞ்சத் தூரத்துக்குள்ளேயே நிறைந்து, உடனே இரண்டு கட்டத்துக்கு இறங்கி, மறுபடி நிறைவது.

ஆனால் எல்லாவற்றுக்கும் முதல், காசே இல்லாமல் இன்றைக்கே செய்யக்கூடிய வேலை அந்த ஃபான் காற்று இழுக்கும் வாயைப் பார்ப்பது. பின் சீற்றின் கீழ் ஓரத்தில் கம்பிச் சட்டம் போட்ட ஒரு திறப்பு இருக்கும். இந்தப் பற்றரியைக் கொல்வது கிலோமீற்றரைவிடச் சூடுதான், எங்கள் பக்கத்து வெயிலுக்கு அந்த வாய் அடைபட்டால் பற்றரி அதிக காலம் தாங்காது. சில வண்டியில் ஃபில்ரர் இருக்கும், சிலவற்றில் வெறும் சட்டம் மட்டும். அதன்மேல் பையோ பெட்சீற்றோ கிடக்க விடக்கூடாது.

அடுத்தது இன்வேற்றர் கூலன்ட். இன்வேற்றர் என்பது பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. எஞ்சினுக்கு ஒன்று, இன்வேற்றருக்கு ஒன்று என்று இரண்டு தனித்தனிச் சுற்று, இரண்டிலும் இளஞ்சிவப்பு நீண்ட ஆயுள் கூலன்ட்தான் போக வேண்டும். முன் சொந்தக்காரர் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருந்தால் சுண்ணாம்பு படிந்திருக்கும், நிறத்திலேயே தெரியும், கலங்கி, துரு கலந்த தேயிலைச் சாயம் மாதிரி இருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது இன்வேற்றர் தாங்கியின் மூடியைத் திறந்து, ஒருவர் உள்ளே இருந்து றெடி (வண்டி ஓடத் தயார் என்ற விளக்கு) போட, நீங்கள் எட்டிப் பாருங்கள்: கூலன்ட் சுழன்று அசைய வேண்டும். அசையாவிட்டால் மின் பம்ப் போய்விட்டது, அதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக்கூடாது, ஏனென்றால் பம்ப் விலையையும் இன்வேற்றர் விலையையும் ஒப்பிடவே முடியாது.

வெள்ளவத்தை அக்வா:

அண்ணா சொன்னதோடு 12 வோல்ற் பற்றரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்வாவில் அது பொனற்றுக்குள் இல்லை, பின் சீற்றுக்குக் கீழே ஆட்கள் இருக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் வாயு வெளியே போகக் குழாய் பொருத்தக்கூடிய ஏஜிஎம் என்ற மூடிய வகைப் பற்றரிதான் போட வேண்டும். மலிவாக இருக்கிறதென்று சாதாரண பற்றரியைத் திணித்து, குழாயைக் கழற்றி எறிந்துவிட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், பிள்ளைகள் அதற்கு மேல்தான் இருக்கிறார்கள் என்பதை யாரும் யோசிப்பதில்லை. அது இறங்கினால் வண்டி றெடிக்கே வராது, பெரிய பற்றரி எவ்வளவு நல்லா இருந்தாலும் உதவாது. சும்மா சும்மா மஞ்சள், சிவப்பு விளக்கு எல்லாம் எரிந்தாலும் முதலில் இந்தச் சின்னப் பற்றரியை அளக்கச் சொல்லுங்கள், பெரிய பில்லை யாராவது நீட்டுவதற்கு முதல்.

ஓட்டுவதில் இரண்டு விஷயம். ட்ராபிக்கில் நிற்கும்போது நியூற்றல் (N) கியரில் விடாதீர்கள். அதில் ஹைபிரிட் பற்றரி சார்ஜ் ஆகாது, ஏசி மட்டும் அதை உறிஞ்சிக்கொண்டிருக்கும். டி-யில் பிறேக்கைப் பிடியுங்கள், அதிக நேரம் என்றால் பார்க் (P). மற்றது, பெற்றோலை முடியவிடவே கூடாது. இந்த வண்டியில் தனி ஸ்டார்ட்டர் மோட்டர் கிடையாது, எஞ்சினைக் கிளப்புவதே அந்தப் பெரிய பற்றரிதான். பெற்றோல் முடிந்து பற்றரியில் இழுத்துக்கொண்டே போய் அதுவும் வடிந்தால், பிறகு பெற்றோல் ஊற்றினாலும் எஞ்சின் கிளம்பாது. 2022இல் எரிபொருள் வரிசையில் இப்படி எத்தனை ஹைபிரிட் தள்ளிக்கொண்டு போனார்கள்!

134,000 உண்மையா என்பதும் பாருங்கள். சேசிஸ் இலக்கத்தை வைத்து ஜப்பான் ஏலத் தாளை எடுக்கலாம், அப்போது எத்தனை கிலோமீற்றர் ஓடியிருந்தது, அடிபட்ட வண்டியா என்று அதில் இருக்கும். அதைப் பார்த்தால் மற்றச் செலவை எவ்வளவு அவசரமாகச் செய்வது என்று ஒரு தெளிவு வரும்.

கோண்டாவிலான்:

இருவருக்கும் மிக்க நன்றி. அந்தச் சட்டத்தைக் கழற்றிப் பார்த்தேன். ஃபில்ரர் இல்லை. உள் விளிம்பு முழுக்கச் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரித் தூசி, நாய் வளர்த்திருக்கிறார்கள் போல, மயிரும் சேர்ந்து ஒரு படலமாக ஒட்டியிருந்தது. வாயில் தெரிந்ததை வாக்யூம் போட்டு எடுத்துவிட்டேன், ஃபானுக்குள் எவ்வளவு இருக்கிறதோ தெரியவில்லை. இன்வேற்றர் கூலன்ட் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கிறது, றெடியில் அசைகிறது. அப்போ சிவிரி ஒயில்? ஏசியும் கொஞ்சம் குளிர் குறைவு, இங்கே கடையில் காஸ் அடிக்கலாமா?

வன்னி மெக்கானிக்:

வாயிலேயே அவ்வளவு என்றால் உள்ளே இன்னும் இருக்கும், ஃபானைக் கழற்றித் துப்பரவு செய்யத்தான் வேண்டும். அதற்குப் பின் சீற்றைத் தூக்க வேண்டும், உயர் வோல்ற் போகும் செம்மஞ்சள் நிறக் கேபிள் இருக்கும் இடம், ஆகவே நீங்களாகச் செய்ய வேண்டாம். பெரிய பற்றரியைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கை எடுத்த பிறகும் கெப்பாசிற்றர் வடிய 10 நிமிடம் காத்திருந்துதான் நாங்களே கை வைப்போம், இன்வேற்றரில் 500 வோல்ற்றைத் தாண்டும்.

சிவிரி ஒயில் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். அக்வாவில் பெல்ற் போட்ட சிவிரி இல்லை, பல்சக்கரமும் இரண்டு மோட்டருமாக இருக்கும் பெட்டி. அதற்கு ஏடிஎஃப் டபிள்யூஎஸ் என்ற ரொயோட்டா கியர் ஒயில் மட்டும்தான். இந்த ஓட்டத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது, ஆனால் இந்த மாதமே என்று இல்லை.

ஏசி அதைவிடக் கவனம். கொம்பிரசர் மின்சாரத்தில் ஓடுவது, அதற்கு என்டி-11 ஒயில்தான். சாதாரண கார் ஏசி ஒயில் கொஞ்சம் கலந்தாலே மின்காப்புக் கெட்டு, பி0ஏஏ6 கோட் வந்து, வண்டி றெடிக்கு வராமல் போகலாம். காஸோடு ஒயிலும் சேர்ந்து அடிக்கும் இயந்திரம் வைத்திருக்கும் கடையில் எதை ஊற்றுகிறார்கள் என்று முதலே கேளுங்கள், பதில் தெரியாவிட்டால் கொஞ்ச நாள் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடுவது மேல்.

உங்கள் காசுக்கு வரிசை இதுதான்: ஸ்கான், ஃபான் துப்பரவு, எஞ்சின் ஒயில் 0டபிள்யூ-20, பிறேக் ஒயில். பிறேக்கில் பாட் தேய்ந்திருக்காது, மோட்டரே பாதி வேலையைச் செய்துவிடும், ஆனால் அதனாலேயே கலிப்பர் பின் அசையாமல் துருப்பிடித்து இறுகும். முன் சில்லு இரண்டையும் கழற்றி அந்தப் பின்களை இழுத்துப் பார்த்து கிறீஸ் போடச் சொல்லுங்கள், பின்னால் இருப்பது ட்ரம் பிறேக். ஸ்பார்க் பிளக் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாததால் அதையும் இந்த வருடத்துக்குள் மாற்றுங்கள், 100,000 கிலோமீற்றர்தான் அதன் அளவு. காலையில் முதல் தடவை எஞ்சின் கிளம்பும்போது உதறினால் மட்டும் ஈஜிஆரை (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும் வால்வு) பார்க்கலாம்.

ஸ்கான் எடுத்ததும் மிதிக்கும்போது வரும் பிளாக் அளவுகளைப் படம் பிடித்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.