மாசி வீதிச் சந்தில் அண்டைச் சுவரோடு ஒட்டிய பழைய வீடு வாங்கலாமா?

கேள்வி:
வணக்கம். மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில், இருபுறமும் அண்டை வீடுகளோடு சுவரைப் பகிர்ந்துகொண்டிருக்கும் சிறிய பழைய வீடு ஒன்று விலைக்கு வந்துள்ளது. தேக்கு உத்தரமும் மெட்ராஸ் தளமும் (மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கிய கூரை) உறுதியாகத் தெரிகின்றன; ஆனால் சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறியிருக்கிறது. பழமை கெடாமல் செப்பனிட்டு, மாடியில் ஓர் அறையும் கட்டி, பெற்றோரைக் குடியமர்த்த விரும்புகிறேன். முன்பணம் கொடுக்கும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

மறுமொழி 1:
ஐயா, முதலில் பத்திரத்தின் சொத்து விவரத்தைப் படியுங்கள். பக்கச் சுவர் பொதுச்சுவரா, தனிச்சுவரா என்பதைப் பொறுத்தே உத்தரம் மாற்றுவதும் மாடி எழுப்புவதும் அமையும். பொதுச்சுவர் என்றால் அண்டை வீட்டாரின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். மூலப்பத்திரத்திலும் நகர நில அளவைப் பதிவேட்டிலும் எல்லைகளும் அளவுகளும் ஒத்திருக்க வேண்டும். வில்லங்கச் சான்றும் அவசியம். பாகப்பிரிவினை நடந்த வீடென்றால் வாரிசுகள் அனைவரும் கையொப்பமிட்டிருக்கிறார்களா என்று வழக்கறிஞர் பார்க்கட்டும்.

மறுமொழி 2:
ஓதத்தை மறைக்கச் சிமெண்ட் பூசிவிடாதீர்கள், தயவுசெய்து. சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அதைத் தடுப்பதால், ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் மேலே ஏறும். கெட்ட பூச்சைப் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்பே பூச வேண்டும். உத்தரத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில்தான் மழைநீரும் கறையானும் சேரும். அனுபவமுள்ள தச்சரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 3:
மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு மாடிக்கு அது இடையூறில்லை. எனினும் மாநகராட்சி அனுமதி பெற்றே தொடங்குங்கள். சந்துக்குள் லாரி நுழையாதெனில், மணல் சுமக்கும் கூலியையும் கணக்கில் சேருங்கள்.