புதுப்பிப்பு: நாலு அரியரோட இ.இ.இ. படிப்பை விட்டுரலாமான்னு கேட்டிருந்தேன்

ஜனவரியில கேட்டிருந்தேன்: இ.இ.இ. (மின்சார, மின்னணு இன்ஜினியரிங்) மூணாம் வருஷம், நாலு அரியர் (ஃபெயிலாகி திரும்ப எழுத வேண்டிய பேப்பர்), அப்பா சேரன்மகாதேவியில வாழை போடுதாங்க, படிப்பை விட்டுட்டு வேலைக்குப் போயிரலாமான்னு. பதில் சொன்ன அண்ணாச்சி, அக்கா எல்லாருக்கும் நன்றி.

விடல. ரெண்டு அரியர் முடிஞ்சிட்டு, மிச்சம் நவம்பர்ல.

கைகொடுத்தது, "நாலையும் ஒண்ணா தூக்காத, எம்3ங்கிற மூணாவது கணக்குப் பேப்பரை முதல்ல முடி"ன்னு ஒரு அண்ணாச்சி சொன்னதுதான். பழைய கேள்வித்தாளைப் போட்டுப் பார்க்கும்போதுதான் நான் நினைக்காத ஒண்ணு தெரிஞ்சுது. அந்தப் பேப்பர்ல வர்ற இசட் டிரான்ஸ்ஃபார்ம்ங்கிற பாடம் எனக்குப் புரியாம இல்ல. தலைகீழா எடுக்கும்போது வர்ற பகுதி பின்னம்தான் (ஒரு பெரிய பின்னத்தைச் சின்னச் சின்னப் பின்னமா பிரிக்குதது) தெரியல. அது பதினொண்ணாம் வகுப்புப் பாடம். அந்தப் புத்தகத்தையே எடுத்து பத்து நாள் உட்கார்ந்தேன். அதே பேப்பர்ல வர்ற ஃபூரியர் தொடர்ல ஒற்றைச் சார்பா இரட்டைச் சார்பான்னு முதல்ல பார்த்தா பாதி தொகையீடு தானா பூஜ்யமாயிரும். இதையும் ஒரு அக்காதான் சொன்னாங்க. கணக்குல தடுமாறுதவங்க கீழ் வகுப்புல எங்க விட்டோம்னு தேடுங்க.

"உடனே அப்ரண்டிஸா (கம்பெனியில வேலை பழகுத ஆளா) சேரு"ங்கிற யோசனை நடக்கல. பட்டதாரி அப்ரண்டிஸ்னா பட்டம் கையில இருக்கணும்.

ஆனா கரண்ட் எடுக்குத காத்தாடிப் பராமரிப்பைப் பாருன்னு சொன்னதுக்காக ஏப்ரல்ல பணகுடி பக்கம் போனேன். தென்மேற்குக் காத்து தொடங்குததுக்கு முன்னால பராமரிப்பு வேலையை முடிக்கணும்னு எல்லாரும் ஓடிக்கிட்டு இருந்தாங்க. ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர், ரிலே எல்லாம் நான் படிச்சதுதான். அந்த வேலைக்குத்தான் போகணும்னு முடிவு பண்ணிட்டேன். நவம்பர் தேர்வு முடிவு வந்ததும் இங்கயே எழுதுதேன்.