ரோமிங்: தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பவர்:
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அவசரம். நம் ஊர்க் குடும்பங்கள் சில, பள்ளி விடுமுறைக்கு ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள நிசேகோவுக்குப் பனிச்சறுக்கப் போகின்றன. ஐஸ் துருவிப் போட்ட ஐஸ் கச்சாங் இனிப்பைத் தவிர வேறு பனி பார்க்காத பிள்ளைகள். அவர்களுக்கான தகவல் தாளைத் தமிழில் எழுதித் தருகிறேன். எல்லாம் முடிந்தது, 'ரோமிங்' மட்டும் நிற்கிறது; அதாவது வெளிநாட்டில் நம் சிம் அங்குள்ள நெட்வொர்க்கில் இயங்கும் வசதி. போன வருடம் அதை அணைக்காமல் போன என் மச்சானுக்கு 700 வெள்ளி (ரிங்கிட்) பில். பாட்டிக்கும் புரிகிற சொல்லாக வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, 'அலைவு' இருக்கிறதே! அலைதல் திரிதல், அலை என்றால் வானொலி அலையும்தான். ஒரே சொல்லில் இரண்டும் கிடைக்கிறது. 'உலா' வேண்டாம், பிரவுசரைக் குறிக்கும் உலாவியோடு குழம்பும். அலைச்சல், அலமரல் எல்லாம் ஒரே குடும்பம். 'அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி' என்று தொல்காப்பியர் உரிச்சொற்களைச் சொல்லும் உரியியலில் சொல்லிவிட்டார். தெருமரலுக்கும் தெருவுக்கும் உறவு உண்டா என்று இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கைப்பேசிக் கடைக்காரர்:
ஐயா கோபிக்க வேண்டாம், கைப்பேசி அலைவதே இல்லை. ஜப்பானில் இறங்கியதும் அங்குள்ள நெட்வொர்க் வலையில் பேர் கொடுக்கும். சிம்முக்குள் இருக்கும் அடையாள எண் 502 என்று தொடங்கினால் மலேசியா. உடனே அந்த வலை இங்குள்ள நிறுவனத்தைக் கேட்கும்: 'இது உங்கள் ஆளா?' ஆமாம் என்றால் உள்ளே விடும், கணக்கு இங்கே வரும். தோட்டத்தில் வேறு டிவிசன் ஆள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் நம் பெரட்டில் வந்து நின்ற கதைதான். வேலை இங்கே, சம்பளச் சீட்டு அங்கே. 'அலைவு' என்று போட்டால் லைன் சரியில்லை என்றுதான் நினைப்பார்கள்.

தமிழ்ப்பள்ளி டீச்சர்:
அப்படியானால் 'வலைபெயர்வு'. குறுந்தொகையில் 'மொழிபெயர் தேஎம்' வருகிறதே, மொழி மாறுகிற நாடு. அதே அச்சு.

கைப்பேசிக் கடைக்காரர்:
டீச்சர், கோபுரமே பெயர்ந்து விழுந்தது போல இருக்கிறது. ரோமிங் என்றே விடலாம். 'பெரட்டு' மட்டும் என்ன, பரேட்தானே? தோட்டத்தில் அதை யாராவது திருத்தினார்களா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பெரட்டு நம் வாய்க்கு வளைந்தது, அதனால் மன்னித்தேன். ரகரம் மொழிமுதல் வராது. 'உரோமிங்' என்று எழுதிப் பாருங்கள், உடம்பெல்லாம் முடி முளைக்கும். அலைவு வேண்டாமென்றால் 'விருந்திணைப்பு'. விருந்து என்றால் புதிதாய் வந்தவர்.

தமிழ்ப்பள்ளி டீச்சர்:
ஐயா, சாப்பாடும் சேர்த்து என்று நினைத்துவிடுவார்கள்!

மொழிபெயர்ப்பவர்:
இரவு மணி பதினொன்றே கால். 'ரோமிங் எனும் அயல்வலை இணைப்பு' என்று அனுப்பிவிட்டேன். டீச்சரும் கடைத் தம்பியும் அரைமனதாகச் சரி என்றார்கள். கூடவே சில வரிகள்: விமானம் ஏறும் முன் அதை அணையுங்கள், இ-சிம் வாங்கினால் இங்கேயே வைஃபையில் இறக்கிக்கொள்ளுங்கள், சறுக்கும்போது கைப்பேசி உள்சட்டைப் பையில் இருக்கட்டும், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அயல் என்றால் அக்கம்பக்கம், தம்பி. ஹொக்கைடோ யாருக்குப் பக்கத்து வீடு? என் வாக்கு அலைவுக்கே. தெருமரல் பற்றி நாளை எழுதுகிறேன்.